எஸ்க்ரோவில் இன்னொரு குமாரின் கடன்: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சிவில் வழக்கு ஆவணங்களை எப்படி வாங்குவது?

மேப்பிள்தெரு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சன்னிவேலில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்குகிறோம். லோன் அப்ரூவல் வந்துவிட்டது. எஸ்க்ரோ (பணமும் பத்திரமும் கைமாறும்வரை நடுவர் ஒருவரிடம் இருக்கும் காலம்) முடிய இன்னும் 16 நாள் இருக்கிறது. நேற்று, வீட்டு உரிமையில் வில்லங்கம் உண்டா என்று பார்க்கும் டைட்டில் கம்பெனி பிரிலிமினரி ரிப்போர்ட் அனுப்பியது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி. என் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. அதன் மேல் ஒரு ‘அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ (கோர்ட் தீர்ப்பின் கடனை நிலப் பதிவேட்டில் ஏற்றும் சுருக்கத் தாள்), 2020 ஜனவரியில் எங்கள் சான்டா கிளாரா கவுண்டியில் பதிவானது. தொகை 8,700 டாலர் சொச்சம். தீர்ப்பு கொடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுப்பீரியர் கோர்ட். வாதி ஒரு கடன் வசூல் நிறுவனம்.

நான் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்க ஒருமுறை குழந்தைகளோடு போனதோடு சரி. 2017 ஆகஸ்டில் ஹெச்1பி விசாவில் நேராக சான் ஹோசேயில் வந்து இறங்கியவன். கிரெடிட் கார்டு ஒரு மாதம்கூடத் தவணை தவறியதில்லை.

பெயர்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு எழுதும் வீடு எங்களுடையது. பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும் என்று என் பெயரையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் இந்த ‘குமார்’. முன்பாதியும் எங்கள் பள்ளியில் வகுப்புக்கு மூன்று பேருக்கு இருந்த பெயர். அமெரிக்காவில் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இதுவரை செய்தது: கிரெடிட் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன், இந்தத் தீர்ப்பு எதிலுமே இல்லை. ‘எந்த மனிதரைப் பற்றியும் கோர்ட் ரெக்கார்டு காட்டுகிறோம்’ என்று சொல்லும் ஒரு இணையதளத்துக்கு மாதச் சந்தா கட்டினேன். அது எனக்கு ஓஹையோவில் ஒரு மனைவியையும் ஃப்ளோரிடாவில் ஒரு படகையும் காட்டியது, இந்த வழக்கைக் காட்டவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, கலிஃபோர்னியா பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட்படி ஆவணம் வேண்டும் என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.

என் கேள்விகள். இன்னொருவருடைய சிவில் வழக்குக் கோப்பை நான் கேட்டால் கொடுப்பார்களா? லாயர் வேண்டுமா? எதைக் கேட்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும்? சுமார் 350 மைல் போகாமல் முடியுமா? என் மனைவி நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டோம்.

எஸ்க்ரோமேசை எழுதியது:

முதலில் உங்கள் மனைவியைத் தூங்கச் சொல்லுங்கள். நான் டைட்டில் துறையில் இருக்கிறேன். குமார், சிங், படேல், நுயென், கார்சியா: இந்தப் பெயர்களில் யார் வீடு வாங்கினாலும் இப்படி ஒன்றாவது வந்து நிற்கும். நில ஆவணங்களைப் பதிவு செய்யும் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தின் இண்டெக்ஸில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை. பெயர் பொருந்தினால் ரிப்போர்ட்டில் போட்டுவிடுவார்கள். அது நீங்கள் இல்லை என்று காட்ட வேண்டிய வேலை அப்புறம்தான் வரும்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜூலையிலிருந்து ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் சிவில் தீர்ப்புகளை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தன. பெயர் மட்டும் பொருந்தி ஆள் பொருந்தாத குழப்பம்தான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் நிலப் பதிவேட்டில் அது அப்படியே இருக்கும். அதனால் கிரெடிட் சுத்தமாக இருந்தும் டைட்டிலில் தீர்ப்பு வரலாம்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. உங்களுக்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு படிவம் வந்திருக்கும். பத்து வருட முகவரி, வேலை, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் கேட்கும். ‘எதற்கு இவ்வளவு விவரம்’ என்று பலர் அரைகுறையாக நிரப்புவார்கள். தயவுசெய்து முழுதாக நிரப்புங்கள். 2017க்கு முந்தைய இந்திய முகவரியையும் எழுதுங்கள். அந்தப் படிவம் இருப்பதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

அடுத்து, பிரிலிமினரி ரிப்போர்ட் பிடிஎஃப்பில் அந்தப் பத்தியில் இருக்கும் பதிவு எண்ணைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது லிங்க்காக இருக்கும், பதிவான ஆவணமே திறக்கும். இல்லாவிட்டால் டைட்டில் ஆபீசரிடம் கேளுங்கள், அனுப்புவார். அது இஜே-001 என்ற படிவம். கடனாளியின் கடைசியாகத் தெரிந்த முகவரி, டிரைவர் லைசென்ஸின் கடைசி நான்கு இலக்கம், சோஷியலின் கடைசி நான்கு இலக்கம், சம்மன் எங்கே சார்வு செய்யப்பட்டது (கொடுக்கப்பட்டது) என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நான்கு இலக்கம் உங்களுடையதோடு பொருந்தவில்லை என்றால் இன்றைக்கே முடிந்தது. கோர்ட்டுக்கே போக வேண்டாம்.

மேப்பிள்தெரு:

மிக்க நன்றி. லிங்க் திறந்தது. ஆனால் லைசென்ஸ் எண்ணுக்கும் சோஷியலுக்கும் நேராக ‘தெரியவில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது, இரண்டிலும். முகவரி லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸில் ஒரு அபார்ட்மென்ட். வழக்கு எண் 19எஸ்டிஎல்சி என்று தொடங்குகிறது, அப்புறம் ஐந்து இலக்கம்.

டைட்டில் ஆபீசரிடம் பேசினேன். நல்ல மனுஷி. “முகவரி வேறு என்பது மட்டும் போதாது, மனிதர்கள் வீடு மாறுவார்கள். பெயர் அச்சு அசலாக இருக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்களுடையது அல்ல என்று காட்ட வழக்குக் கோப்பிலிருந்து ஏதாவது கிடைத்தால் எங்கள் அண்டர்ரைட்டர் (ரிஸ்க்கை முடிவு செய்பவர்) அதை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்” என்றார். ஆக, கோப்பு வேண்டும்.

கோப்புக்கட்டு எழுதியது:

தம்பி, நான் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறிய வக்கீல் ஆபீசில் 11 வருடம் லீகல் அசிஸ்டென்டாக இருந்தேன். இந்த மாதிரிக் கோப்புகளை எடுப்பதுதான் என் பாதி வேலை. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட் கடிதத்தை விட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் அந்தச் சட்டம் நகராட்சி, கவுண்டி, மாநில அலுவலகங்களுக்கு. கோர்ட்டின் வழக்குக் கோப்புகளுக்கு அது பொருந்தாது. ஃபெடரல் தகவல் உரிமைச் சட்டமான ஃபோயாவும் கோர்ட்டுகளைத் தொடாது. இதைப் போட்டு எழுதினால் கடிதம் தவறான மேசைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், உங்கள் 16 நாளில் பத்து நாள் அங்கேயே போய்விடும். வழக்குக் கோப்பு பொதுவானது என்பதற்கு எந்தச் சட்டப் பிரிவையும் நீங்கள் மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. சிவில் வழக்கு தாக்கலான நிமிடத்திலிருந்து, நீதிபதி சீல் வைக்க உத்தரவு போட்டாலோ சட்டமே மூடி வைத்தாலோ தவிர, அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. லாயர் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். நீங்கள் யார் என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் கோர்ட் கவுண்டர் முன்னால் நிற்கும்போது எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒருமுறை எனக்கு முன்னால் வரிசையில் ஒரு அம்மா. சேலை மேல் ஸ்வெட்டர். ஜன்னலுக்குப் போனதும் குரலைத் தாழ்த்தி, “இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை” என்று ஆரம்பித்தார். மகன் பெயரில் ஏதோ வழக்கு. கிளார்க் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வழக்கு எண் இருக்கிறதா?” என்றார், அவ்வளவுதான். அந்த அம்மா முகம் தெளிந்ததை இன்றும் மறக்கவில்லை. கவுண்டரில் கேட்பது மன்றாட்டு அல்ல. கடைசிவரை அவர்களுக்குத் தேவை அந்த எண் ஒன்றுதான்.

உங்களிடம் எண் இருக்கிறது, பாதி வேலை முடிந்தது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, கவுண்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும் மாநில இண்டெக்ஸ் பொதுமக்களுக்குக் கிடையாது, ஒவ்வொரு கவுண்டிக்கும் தனிப் போர்ட்டல். லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட் தளத்தில் வழக்கு எண் போட்டுத் தேடினால் இலவசம். பெயர் போட்டுத் தேடினால் ஒவ்வொரு தேடலுக்கும் காசு. குமார் என்று போட்டுக் காசு கட்டத் தொடங்கினால் முடிவே இருக்காது, அதைச் செய்யாதீர்கள்.

அந்த எண்ணே ஒரு கதை சொல்லும். 19 என்றால் 2019இல் தாக்கல். எஸ்டி என்றால் டவுன்டவுனில் இருக்கும் ஸ்டான்லி மாஸ்க் கோர்ட்ஹவுஸ். எல்சி என்றால் லிமிடெட் சிவில், அதாவது குறைந்த தொகை வழக்கு. அன்றைக்கு அதன் வரம்பு 25,000 டாலர், 2024 ஜனவரியிலிருந்து 35,000. சிவி என்று இருந்தால் அதற்கு மேற்பட்ட தொகை.

எண்ணைப் போட்டதும் ‘ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ்’ வரும். வழக்கில் நடந்த ஒவ்வொன்றும் தேதி வாரியாக ஒரு வரி. அதை மேலிருந்து கீழ்வரை படியுங்கள், முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். வழக்கு போட்டார்கள் என்பது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு மட்டும்தான். பலர் அதைப் பார்த்துவிட்டே அந்த மனிதனை மோசடிக்காரன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாடகைக்கு ஆள் வைக்கிறவர்கள், சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட. எனக்கு அது ஆறாத கோபம். கீழே எங்கேயோ வழக்கு தள்ளுபடி என்றோ, கடன் தீர்ந்ததாக ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ தாக்கல் என்றோ ஒரு வரி இருக்கலாம்.

உங்கள் வழக்கில் அநேகமாக இந்த வரிசையில் இருக்கும்: வழக்கு மனு, சம்மன், சம்மன் சார்வு செய்ததற்கான ‘ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ்’, டிஃபால்ட் (எதிர்த்தரப்பு பதில் போடவில்லை என்பது) கேட்ட விண்ணப்பம், டிஃபால்ட் தீர்ப்பு, அப்புறம் அப்ஸ்ட்ராக்ட். கடன் வசூல் வழக்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் எதிர்த்தரப்பு வராமலே முடிகின்றன.

எதைக் கேட்பது? முழுக் கோப்பையும் கேட்காதீர்கள். மூன்று போதும்.

ஒன்று, ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ், அதாவது பிஓஎஸ்-010 படிவம். யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வீட்டு வாசலில் சம்மன் கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். அந்த நாளில் அந்த நேரத்தில் நீங்கள் சான் ஹோசேயில் ஆபீசில் இருந்தீர்கள் என்று காட்ட முடியலாம்.

இரண்டாவது, மிக முக்கியமானது, வழக்கு மனுவோடும் டிஃபால்ட் விண்ணப்பத்தோடும் இணைத்த தாள்கள். 2014 முதல், பழைய கடனை விலைக்கு வாங்கி வழக்குப் போடுகிற நிறுவனங்கள் டிஃபால்ட் தீர்ப்பு கேட்கும்போது அந்தக் கடனைக் காட்டும் ஆவணங்களைக் கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. அதனால் ஏதாவது ஒரு பழைய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் அங்கே கட்டாயம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதில் தேதியும் முகவரியும் இருக்கும். 2017 ஆகஸ்டுக்கு முந்தைய தேதியாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது, பாஸ்போர்ட் முத்திரை ஒன்று போதும்.

மூன்றாவது, தீர்ப்பு. ஓரிரு பக்கம்தான், கூடவே இருக்கட்டும்.

எப்படி வாங்குவது? 2019 வழக்கு என்பதால் கோப்பு பெரும்பாலும் மின்வடிவில்தான் இருக்கும். கோர்ட் தளத்திலேயே சில ஆவணங்களைப் பக்கக் கணக்கில் காசு கட்டி இறக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் நண்பர் யாரையாவது நார்த் ஹில் தெருவில் ஸ்டான்லி மாஸ்க் கோர்ட்ஹவுஸுக்கு அனுப்புங்கள். உள்ளே பொதுமக்களுக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, திரையில் பார்க்கக் காசு இல்லை. கவுண்டரில் நகல் கேட்டால் பக்கத்துக்கு 50 சென்ட், மாநிலம் முழுக்க இதே விலை. எண் இல்லாமல் போய்த் தேடச் சொல்லி, தேட 10 நிமிடத்துக்கு மேலானால் ஒரு தேடலுக்கு 15 டாலர். வாசலில் விமான நிலையம் மாதிரி ஸ்கேனர் இருக்கும், சின்னக் கத்திரிக்கோல், பேனாக் கத்தி எதுவும் பையில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தபாலில் கேட்பதானால் ஒரு பக்கக் கடிதம். வழக்கு எண், இரு தரப்பின் பெயர், ரெஜிஸ்டரில் இருக்கிறபடியே ஆவணத்தின் தலைப்பும் தாக்கல் தேதியும். பக்கம் எத்தனை என்று தெரியாததால் செக்கில் தொகையை வெற்றாக விட்டு, ‘25 டாலருக்கு மேற்படாமல்’ என்று எழுதுவது வழக்கம். தபால்தலை ஒட்டி உங்கள் முகவரி எழுதிய உறை ஒன்றும் உள்ளே வையுங்கள். ஆனால் 16 நாளில் தபாலை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. ‘சர்ட்டிஃபைடு காப்பி’ வேண்டுமா என்று டைட்டில் ஆபீசரிடம் முன்பே கேளுங்கள். கோர்ட் முத்திரை வைத்துத் தர ஒரு ஆவணத்துக்கு 40 டாலர். டைட்டிலுக்குச் சாதா நகலே பெரும்பாலும் போதும்.

எந்தக் கோப்புகள் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது இதைப் படித்தால் உதவும். வாடகை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்குகள் முதல் 60 நாள் பொதுப் பார்வைக்கு வராது. அதற்குள் வீட்டுக்காரர் ஜெயிக்காவிட்டால் அப்புறமும் பெரும்பாலும் மூடியே இருக்கும். குடும்ப வழக்குகளின் ஆவணங்களை இணையத்தில் பார்க்க முடியாது, கோர்ட்டுக்குப் போனால்தான். திவால் வழக்கு ஃபெடரல் கோர்ட், கவுண்டியில் தேடிப் பயனில்லை. அது பேசர் என்ற தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதக் காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை.

ஃபிரிஸ்கோவாசி:

டெக்சாஸில் இருக்கிறவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. இங்கே ஒரே கவுண்டியில் மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கும். பெரிய வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், அடுத்த படியில் உள்ளவை கவுண்டி கிளார்க்கிடம், 20,000 டாலர் வரையிலானவை ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் (ஜேபி) கோர்ட்டில். ரீசர்ச்டிஎக்ஸ் என்று மாநிலத் தளம் ஒன்று இருக்கிறது, அதில் தொடங்கலாம். என் தம்பி காலின் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பக்கத்தில் மட்டும் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று ஒரு பில்டருக்கு முன்பணம் கொடுத்தான். அந்த பில்டர் மேல் இருந்த இரண்டு வழக்கும் ஜேபி கோர்ட்டில் இருந்தன.

மழைக்கால்:

ஒரு வேளை அது உங்களுடைய கடனாகவே இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இல்லை, தெரிகிறது. ஆனால் எனக்கு நடந்தது. நான் காலி செய்த வீட்டு வாசலில் சம்மனைக் கொடுத்ததாக எழுதி, எனக்குத் தெரியாமலே தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ் நகலை எடுத்த பிறகுதான் தேதி தெரிந்தது. அந்தத் தேதிக்கு ஐந்து மாதம் முன்பே நான் வேறு வீட்டில். அதை வைத்து லாயர் டிஃபால்ட்டை ரத்து செய்ய மனுப் போட்டார். இதற்குக் காலக்கெடு உண்டு. சம்மன் நேரில் கைக்கு வராமல் போன வழக்குகளில் தீர்ப்பு பதிவானதிலிருந்து இரண்டு வருடம், தீர்ப்பு பற்றி எழுத்து மூலம் அறிவிப்பு வந்தால் அதிலிருந்து 180 நாள், எது முந்தியோ அது. ஆகவே தெரிந்த நாளே கோப்பை எடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மேப்பிள்தெரு நண்பரே, கோப்பு கைக்கு வந்ததும் அந்த மனிதருடைய முகவரி, கணக்கு விவரம் எதையும் இங்கே படம் எடுத்துப் போடாதீர்கள். பொது ஆவணம்தான், இருந்தாலும் அவரும் நம்மைப் போல ஒருவர்.

மேப்பிள்தெரு, ஆறு நாள் கழித்து:

போட மாட்டேன், அந்த எண்ணமே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கோப்புக்கட்டு அக்கா சொன்னபடி வழக்கு எண்ணைப் போட்டதும் ரெஜிஸ்டர் வந்தது. அவர் எழுதிய வரிசை அப்படியே இருந்தது, ஒரு வரி மாறவில்லை. 2019 பிப்ரவரியில் தாக்கல், நவம்பரில் டிஃபால்ட் தீர்ப்பு. கடன் தீர்ந்ததாக எந்த வரியும் இல்லை. எனக்கு வேண்டிய இணைப்புத் தாள்களை ஆன்லைனில் பிடிக்க முடியவில்லை. கல்வர் சிட்டியில் என் கல்லூரித் தோழன் இருக்கிறான். காலை எட்டரைக்கு ஸ்டான்லி மாஸ்க் போய், கவுண்டர் திறந்ததும் கேட்டிருக்கிறான். ஒரு கேள்வியும் இல்லை. ஏழு பக்கம், மூன்றரை டாலர். ஒன்பதரைக்கு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான்.

நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு போனிலேயே பார்த்தேன். முதல் பக்கம் ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ். மூன்று தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள், மூன்று தேதி, மூன்று நேரம். நான்காவது தடவை வீட்டில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் அதே முகவரிக்குத் தபாலிலும் அனுப்பியதாக எழுதியிருந்தது. பெயர் சொல்ல மறுத்தார், வயது சுமார் 60, தலைமுடி நரை, என்று அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி.

கடைசி இரண்டு பக்கம் கார்டு ஸ்டேட்மென்ட். 2014 மார்ச். மளிகை, பெட்ரோல், பிறகு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டணம், அது மட்டும் 4,000 டாலருக்கு மேல். அடுத்த மாதத்தில் எதுவும் வாங்கியிருக்கவில்லை, வட்டியும் அபராதமும் மட்டும். 2014 மார்ச்சில் நான் கோவையில் சரவணம்பட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவை நினைத்துக்கூடப் பார்க்காத காலம்.

அந்த ஏழு பக்கத்தையும், முதல் விசா ஸ்டாம்ப் இருக்கும் பாஸ்போர்ட் பக்கத்தையும், 2014இல் கோவை கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றையும் டைட்டில் ஆபீசருக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் திருத்திய ரிப்போர்ட் வந்தது. அந்தப் பத்தி இல்லை. லோன் கம்பெனிக்கும் அவரே அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து.

நிம்மதிதான். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டணம் மனதில் நிற்கிறது. என் பெயர்க்காரர். கதவைத் திறந்த அந்த அறுபது வயதுப் பெண் அவர் அம்மாவாக இருக்கலாம், அந்தத் தாள் என்னவென்று தெரியாமலே மேசை மேல் வைத்திருக்கலாம். சாயங்காலம் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அவர் கட்டி முடித்திருப்பாரா?” என்று கேட்டாள். ரெஜிஸ்டரில் இல்லை என்றேன்.

கோப்புக்கட்டு:

மனசுக்கு ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்தப் பெயர்க்காரருக்காக நீங்கள் வருத்தப்பட்டது நல்ல மனசு. பணம் கட்டியும் வாதி தரப்பு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவதும் உண்டு. அதனால் அந்த வரி இல்லை என்பதை வைத்து அவர் கட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இப்போது ரிப்போர்ட்டில் இல்லை என்றாலும் ரெக்கார்டர் இண்டெக்ஸில் அந்த அப்ஸ்ட்ராக்ட் அப்படியே இருக்கும். தீர்ப்பு 2019 நவம்பர் என்றால் அந்த லியன் (சொத்தின் மேல் உள்ள கடன் பிடி) 2029 நவம்பர் வரை உயிரோடு இருக்கும், புதுப்பித்தால் அதற்கு மேலும். நீங்கள் ரீஃபைனான்ஸ் செய்தாலோ வீட்டை விற்றாலோ வேறு டைட்டில் கம்பெனி, வேறு ஆபீசர், மறுபடி அதே பத்தி. அந்த ஏழு பக்கம், பாஸ்போர்ட் பக்கம், சம்பளச் சான்று, பத்தி நீக்கிய ரிப்போர்ட், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். மனைவிக்கும் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுமுன் டீடில் (வீட்டுப் பத்திரத்தில்) உங்கள் பெயரை எப்படி எழுதப்போகிறார்கள் என்று பாருங்கள். அப்பா பெயர் உங்கள் சட்டப்படியான ஆவணத்தில் எங்காவது விரிவாக இருந்தால் அதை நடுப்பெயராகச் சேர்க்க முடியுமா என்று ஆபீசரிடம் கேளுங்கள். லோன் ஆவணத்திலும் அதே எழுத்தில் வர வேண்டும், அதனால் வியாழன் வரை விடாமல் இன்றைக்கே போன் செய்யுங்கள்.